மலையிலிருந்து இறங்கி ஓவியம் பார்க்கப் போவதென்றால்: பெங்களூரா, கொச்சியா, சென்னையா?

மே மாதம் நீலகிரிக்காரர்களுக்கு விடுமுறை மாதம் அல்ல. காட்டேஜ், டாக்ஸி, ஓட்டல், வர்க்கிக் கடை என்று ஏதோ ஒன்றில் பிழைப்பு வைத்திருப்பவர்கள் சீசனில் ஊரைவிட்டு நகர முடியாது. கீழே இறங்கி வேறு ஊர் பார்ப்பதென்றால் அரையாண்டு விடுமுறை, விட்டால் பொங்கல். அந்த நாட்களில் என்னிடம் யாராவது வழி கேட்பது வழக்கம்தான். இந்தத் தடவை குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனில் இருக்கும் நண்பர் கேட்டது மட்டும் புதுசு. அவர் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நன்றாக வரைவாள், ஓவியக் கல்லூரியில் சேர ஆசை. "இதுவரைக்கும் ஒரு நல்ல பெயிண்டிங்கைக்கூட அவ நேர்ல பார்த்ததில்லண்ணா, எல்லாம் போன்லதான். எங்க கூட்டிட்டுப் போறது?" என்றார். வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மா, எட்டாவது படிக்கும் பையன், மனைவி. வெளியூரில் தங்க முடிவது இரண்டு இரவு.

நவீன ஓவியத்துக்கென்று ஒரு பெரிய மியூசியம் நம் மலையில் கிடையாது. முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர் புழங்கிய பொருள்களை அங்கே பார்க்கலாம். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் ஆலுக் குறும்பர்கள் வேங்கை மரப் பிசினையும் மண்ணையும் இலைச் சாற்றையும் கொண்டு வரைந்த மரபு உண்டு. தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதையெல்லாம் பார்க்காமல் பெங்களூருக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்தப் பெண் கேட்பது இன்றைய ஓவியர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை. அதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

பொதுவாக இந்தக் கேள்விக்கு எல்லாரும் எது பெரியது, எது பேர் பெற்றது என்று பார்த்துப் பதில் சொல்வார்கள். மலைக்காரர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. எந்தப் பக்கம் இறங்கினாலும் கொண்டை ஊசி வளைவுகளிலேயே பாதித் தெம்பு போய்விடும். போதாக்குறைக்கு, ஓவியக்கூடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் கண் நிற்காது; அதற்கப்புறம் பார்ப்பதெல்லாம் வெறும் சுவர். வண்டியைவிட்டு இறங்கிய பின் உடம்பில் மிச்சமிருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் எந்த ஊர் அதிகம் தரும் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

கோயம்புத்தூரை முதலில் முடித்துவிடலாம். அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் ஓவியக்கூடம் இருக்கிறது, கூடவே நெசவு அருங்காட்சியகமும். உக்கடம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன. காலையில் இறங்கி இருட்டுவதற்குள் குன்னூர் திரும்பிவிடலாம். ஆஸ்பத்திரி வேலை, துணிக்கடை வேலை என்று எப்படியும் கோவைக்கு இறங்குகிறோம், அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இதற்கென்று விடுமுறையைச் செலவழிக்க வேண்டியதில்லை.

கொச்சியைத்தான் எல்லாரும் முதலில் சொல்கிறார்கள். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி முசிரிஸ் பியன்னாலே என்ற கலைக் கண்காட்சி அப்படிப்பட்ட பெயரை வாங்கி வைத்திருக்கிறது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் முன்னின்று ஆரம்பித்தது. ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் கடலோரமாகக் கிடக்கும் பழைய கிடங்குகள்தான் இதற்குக் காட்சிக்கூடம். அவற்றில் பெயர் பெற்றது ஆஸ்பின்வால் மாளிகை. 1867-இல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனி மிளகு, தேங்காய் எண்ணெய், கயிறு, காப்பி, தேயிலை எல்லாம் வியாபாரம் செய்தது. தேயிலைப் பெட்டி அடுக்கிய மாதிரியான கிடங்குக்குள் நுழைந்து, உத்தரம் வரை எழும்பி நிற்கும் ஒரு கலைப்படைப்பைப் பார்ப்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தனி அனுபவம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அது மியூசியம் அல்ல, திருவிழா. திருவிழா இல்லாத நாளில் போனால் கிடங்குகள் பூட்டிக் கிடக்கும். எர்ணாகுளத்தில் தர்பார் ஹால் ஓவியக்கூடம் உண்டு, மட்டாஞ்சேரி யூதத் தெருவைச் சுற்றிச் சின்னச் சின்ன காலரிகள் உண்டு. அவ்வளவுதான், அதற்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று பேர்தானே தவிர, கொரோனா வந்து 2020-இல் நடக்க வேண்டியது 2022-க்குத் தள்ளிப்போனது. அதுவும் டிசம்பர் 12 என்று அறிவித்துவிட்டுக் கடைசி நேரத்தில் 23-க்கு மாற்றினார்கள். முதல் வாரத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்கடுத்த பதிப்புக்கு 2025 டிசம்பர் 12 முதல் 2026 மார்ச் 31 வரை என்று நாள் குறித்தார்கள். ஆகவே கொச்சி என்றால் பியன்னாலே நடக்கும் ஆண்டா என்று பார்க்க வேண்டும். நடந்தாலும் ஜனவரி நடுவில் போவதுதான் புத்திசாலித்தனம். எல்லாக் கூடமும் திறந்திருக்கும், கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டமும் கலைந்திருக்கும்.

இன்னொன்று வெயில். ஊட்டியில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் அதே வாரத்தில் கொச்சியில் மதியம் முப்பது டிகிரிக்கு மேல் போகும், காற்றில் ஈரம் வேறு. ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு நடக்கவோ ஆட்டோ பிடிக்கவோ வேண்டும். ஸ்வெட்டரே உடுப்பு என்று வாழ்ந்த உடம்பு இதை அவ்வளவு லேசாக ஏற்றுக்கொள்ளாது. நண்பரின் அம்மாவை நினைத்து அங்கேயே கொச்சியை அடித்துவிட்டேன். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து போவதாக இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகு இருக்கிறது, வாட்டர் மெட்ரோவும் வந்துவிட்டது.

அடுத்தது பெங்களூரு. இதற்குச் சாதகமாக முதலில் சொல்ல வேண்டியது ஓவியத்தைப் பற்றியதே அல்ல. அந்த ஊர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, டிசம்பரில் நமக்கு வியர்க்காது. இரண்டாவது, கஸ்தூர்பா சாலை. கப்பன் பூங்காவை ஒட்டிய இந்த ஒரே சாலையில் பழைய அரசு அருங்காட்சியகம், வெங்கடப்பா ஓவியக்கூடம், விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், மேப் என்கிற புதிய கலை மியூசியம் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஓவியம் பிடிக்காத பையனை விஸ்வேஸ்வரய்யாவில் இயந்திரங்களோடு விட்டுவிடலாம். பாட்டிக்குப் பூங்காவில் நிழல் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் எல்லாருக்கும் ஓவியம் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். பிடிக்காதவர்களுக்கும் பக்கத்திலேயே இடம் இருந்தால்தான் பிடித்தவர் நிதானமாகப் பார்க்க முடியும். மூன்று ஊர்களில் இந்த வசதி பெங்களூருக்கு மட்டும்தான் உண்டு.

மேப் என்பது மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் போட்டோகிராபி என்பதன் சுருக்கம். அபிஷேக் போத்தார் என்ற சேகரிப்பாளர் தொடங்கிய தனியார் மியூசியம், 2023 பிப்ரவரியில் கஸ்தூர்பா சாலையில் திறந்தார்கள். வெளிச்சுவர் முழுக்க எஃகுத் தகடுகள், ஒவ்வொரு தகட்டிலும் குறுக்கே பெருக்கல் குறி அழுத்தியிருக்கும். பழைய ஊர்களில் பார்க்கும் தகரத் தண்ணீர்த் தொட்டியை நினைத்தே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஓவியம், சிற்பம் மட்டுமல்ல, புகைப்படம், துணி, பழங்குடிக் கலை, பழைய சினிமா விளம்பரங்கள்கூட அவர்கள் சேகரிப்பில் இருக்கின்றன. குஜராத்தின் ஜோதி பட் கிராமம் கிராமமாகப் போய்க் கோலங்களையும் சுவர்ச் சித்திரங்களையும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஒரு பெரிய காட்சியாகவே வைத்தார்கள். திறப்பின்போது வைத்த இன்னொரு காட்சி ஸ்டீபன் காக்ஸ் என்ற இங்கிலாந்துச் சிற்பியுடையது. பல ஆண்டுகளாக மாமல்லபுரத்தில் நம் கல்தச்சர்களோடு சேர்ந்து வேலை செய்தவர் அவர்.

காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போகும் நாளில் என்ன இருக்கிறது என்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். முதல்முறை வருபவர்களை மிரட்டாத இடம் என்பதற்காகத்தான் இதை முன்னால் வைக்கிறேன். லிஃப்ட் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, காப்பிக் கடை இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தொட்டுப் பார்க்கும் வகையிலும் சில படைப்புகளை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். "மாடர்ன் ஆர்ட் நமக்கெங்கே புரியப் போகுது" என்று தயங்குபவர்கள் புகைப்படப் பகுதியில் ஆரம்பித்தால் போதும், தயக்கம் தானாகப் போய்விடும். கட்டணம் அரசுக் கூடங்களைவிட அதிகம்தான், அதை மறைப்பானேன்.

நம் ஊர்க்காரர்கள் அந்தச் சாலையில் தேடிப்போக வேண்டியது வெங்கடப்பா ஓவியக்கூடம். கே. வெங்கடப்பா 1886-இல் பிறந்தவர், கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் படித்தவர், வீணையிலும் தேர்ந்தவர். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்து நீர்வண்ணத்தில் வரைந்த நிலக்காட்சிகள் அவருடைய பெரிய சாதனையாகப் பேசப்படுகின்றன. சுற்றுலாப் பயணி பார்க்கும் ஊட்டி அல்ல அது. மேகம் எப்போது எந்தச் சரிவில் இறங்கும் என்று பொறுத்திருந்து பார்த்தவரின் ஊட்டி. காகிதத்தில் ஒரு திட்டு வெறுமனே விட்டிருப்பார், அதுதான் பனிமூட்டம். வாட்டர் கலரில் வெள்ளையைப் பூசக்கூடாது, விட வேண்டும் என்று டிராயிங் மாஸ்டர் ஆயிரம் தரம் சொல்வதை அந்தப் பெண் அங்கே ஒரே தரத்தில் பிடித்துக்கொள்வாள். இதில் ஒரு சிக்கல்: புதுப்பிப்பு வேலை என்று அந்தக் கூடத்தை நீண்ட காலம் மூடி வைத்திருந்தார்கள். எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

அரண்மனைச் சாலையில் தேசிய நவீன ஓவியக்கூடத்தின் பெங்களூருக் கிளை 2009-இல் திறந்தது. மாணிக்கவேலு முதலியார் என்பவரின் மாளிகை அது, பெயர் இன்னும் மாணிக்கவேலு மேன்ஷன்தான். ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய் என்று பாடப் புத்தகத்தில் தபால்தலை அளவில் பார்த்த பெயர்களின் அசல் இந்தக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. டிக்கெட் சொற்பம், வளாகத்தில் பழைய மரங்கள், கூட்டம் குறைவு. இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால்? புதிதாகப் பார்ப்பவருக்கு மேப், வரையத் தெரிந்தவருக்குத் தேசியக் கூடம். ஒரே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள். இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம். ஞாயிறு போய்ச் சேர்ந்து திங்கள் சுற்றலாம் என்று திட்டம் போடுபவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஜனவரியில் போனால் ஓர் உபரி. கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் 2003 முதல் அந்த மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்ர சந்தை நடத்துகிறது. குமாரகிருபா சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் நடைபாதையிலேயே படங்களை வைத்து விற்பார்கள். நல்லது, சுமார், படுமோசம் எல்லாம் கலந்துதான் இருக்கும். வரைந்தவரிடமே "இது என்ன காகிதம், எத்தனை நாள் ஆச்சு" என்று கேட்டுவிடலாம். மியூசியத்தில் அது முடியாது.

இதோடு நிறுத்தினால் பெங்களூருதான் பதில். அந்தக் குடும்பம் மொத்தமாகப் போவதென்றால் இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் நண்பர் கேட்டது குடும்பச் சுற்றுலாவைப் பற்றி அல்ல, மகளைப் பற்றி. அங்கேதான் சென்னை உள்ளே வருகிறது.

சென்னையின் குறைகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே கஸ்தூர்பா சாலை கிடையாது. பார்க்க வேண்டியவை எழும்பூரில் ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று என்று சிதறிக் கிடக்கின்றன. ஈஞ்சம்பாக்கத்துக்குச் சென்ட்ரலிலிருந்து இருபது கிலோமீட்டர் போல வரும், போக்குவரத்து நெரிசலில் அது ஒரு தனிப் பயணம். பாட்டியைக் கூட்டிக்கொண்டு இந்த அலைச்சல் வேண்டாம்.

ஆனால் அந்த ஈஞ்சம்பாக்கத்தில்தான் சோழமண்டலம் இருக்கிறது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர், அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர், தன் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கிய ஓவியர் கிராமம். பணிக்கர் பிறந்தது கோயம்புத்தூரில் என்பது நம் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. ஓவியம் விற்று அன்றைக்குச் சோறு தின்ன முடியாது. அதனால் இவர்கள் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசில் கடற்கரை மணல்வெளியை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். "பெயிண்டிங் படிச்சா சோத்துக்கு என்ன பண்ணுவே" என்று பெற்றோர் எல்லாரும் கேட்கும் கேள்விக்கு, ஒரு தலைமுறை கூடி உட்கார்ந்து கண்டுபிடித்த பதில் அது. மகளைவிட நண்பர் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், அவரிடமும் சொன்னேன்.

2009-இல் அங்கே சமகாலக் கலைக்கான மையம் ஒன்றைத் திறந்தார்கள். மெட்ராஸ் இயக்கம் என்று அழைக்கப்படும் அந்தத் தலைமுறையின் படைப்புகளை அதன் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாகப் பார்க்கலாம். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை எங்கே பார்த்தாலும் அதன் முன் கொஞ்சம் நில்லுங்கள். முதல் பார்வைக்கு யாரோ ஒருவரின் ஜாதக நோட்டைப் பெரிதாக்கி மாட்டியது போலிருக்கும். கட்டங்கள், கோடுகள், வரிவரியாக எழுத்து. கிட்டே போய்ப் படிக்கப் பார்த்தால் ஓர் எழுத்துகூடப் படிக்க வராது, எழுத்தின் சாயல் மட்டும்தான். ஐரோப்பாவைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு, நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் சுவடியிலிருந்து நவீன ஓவியத்தை எடுக்க முடியுமா என்று அவர் பார்த்தார். பணிக்கரின் மகன் நந்தகோபாலின் சிற்பங்களும் அப்படித்தான். செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் செய்தவை, கோயில் மூர்த்தியைப் பார்ப்பதுபோல் முன்னால் நின்றே பார்க்க வேண்டியவை. கே. ராமானுஜத்தின் பேனா ஓவியங்கள் இன்னொரு உலகம். அரண்மனைகளும் பாம்புகளும் பறவைகளும் நெரியும் கறுப்புக் கோடுகளுக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதர் இருப்பார். அது அவரேதான். சோழமண்டலத்தில் வாழ்ந்து 1973-இல் இளவயதிலேயே இறந்துபோனார். ஒரு பேனாவும் மையும் காகிதமும்தான் அவருடைய மொத்த முதலீடு. குன்னூர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து வரையும் பெண்ணுக்கு இதைவிட வேறு என்ன காட்ட?

மறுநாள் எழும்பூர். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. பணிக்கர் படித்து, முதல்வராகவும் இருந்த இடம். பத்திரிகைகளில் கோட்டோவியங்களால் நமக்கு அறிமுகமான ஆதிமூலமும் இங்கே படித்தவர்தான். சேர ஆசைப்படும் கல்லூரியின் வாசலில் ஒரு தரம் நின்றுவிட்டு வருவது, விண்ணப்பப் படிவத்தை மட்டும் பார்ப்பதைவிடப் பல மடங்கு மேல். வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டால் உள்ளே விடலாம், விடாமலும் போகலாம். பக்கத்திலேயே அரசு அருங்காட்சியகம். அங்கே சோழர் காலச் செப்புத் திருமேனிகளை முதலில் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம். சோழமண்டலத்துச் சிற்பிகள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்பது சொல்லாமலே புரியும். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. நேரம் மிச்சமிருந்தால் மெரினா உழைப்பாளர் சிலை. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர், சிலை 1959-இல் திறக்கப்பட்டது. டிக்கெட்டே கிடையாது, பக்கத்தில் சுண்டலும் கிடைக்கும்.

போய்வரும் வசதியிலும் சென்னை எதிர்பாராத விதமாக முந்துகிறது. தூரம் அதிகம்தான். ஆனால் மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும்போது சென்ட்ரல். பகல் நேரம் மிச்சம், ஒரு ராத்திரி ஓட்டல் வாடகையும் மிச்சம். விடுமுறை நாட்களில் அந்த வண்டியில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறந்த உடனே எடுத்துவிட வேண்டும்.

ஆகவே நண்பரிடம் பிரித்துச் சொன்னேன். அரையாண்டு விடுமுறையில் அப்பாவும் மகளும் மட்டும் சென்னை. போகும் இரவும் வரும் இரவும் ரயிலிலேயே கழியட்டும், நடுவில் ஒரே ஒரு ராத்திரி தங்கல். முதல் நாள் சோழமண்டலம், மறுநாள் எழும்பூர். குடும்பம் மொத்தமும் பொங்கலை ஒட்டி பெங்களூரு போகட்டும், சித்ர சந்தையின் தேதி ஒத்துவந்தால் இன்னும் நல்லது. "ரெண்டு தடவை போகச் சொல்றீங்களே அண்ணா" என்று சிரித்தார். ஒரே தடவைதான் என்றால் சென்னை என்றேன். கொச்சியை அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகு தோழிகளோடு போய்ப் பார்த்துக்கொள்வாள்.

பெங்களூரு போகிறவர்களுக்கு வழியைப் பற்றி இரண்டு வார்த்தை. சொந்த வண்டி டி.என். 43, அதாவது நீலகிரிப் பதிவு என்றால் கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கலாம். முப்பத்தாறு கொண்டை ஊசி, பழக்கமில்லாதவர் ஓட்டக் கூடாது. வெளியூர்ப் பதிவு வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி வரும், காலையில் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். மைசூருக்கு அப்புறம் புதிய விரைவுச்சாலை, நேரம் தெரியாது. ஆனால் ஊருக்குள் காரை ஓட்டிப் பார்க்காதீர்கள். கெங்கேரி மெட்ரோ நிலையத்தில் நிறுத்திவிட்டு ஊதா வழித்தட ரயிலில் ஏறினால் கப்பன் பூங்கா நிலையம் வந்துவிடும், கஸ்தூர்பா சாலை அங்கிருந்து பக்கம். திரும்பும் நாளில் மதியத்துக்கு மேல் பெங்களூரில் இருக்க வேண்டாம். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். சாயங்காலம் வரை படம் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் அன்றைய ராத்திரி குண்டலுப்பேட்டை லாட்ஜில்தான்.